அடித் தண்ணீர்

“ஹலோ, சகலை! கேக்குதா? இங்க ராத்திரியில தண்ணி உறையுதாம்யா!”

மணாலியிலிருந்து பேசிய ஓஸ்வால்டின் குரல் பெங்களூர் ஆனேக்கல் ரோட்டு ஷெட்டின் தகரக் கூரை வரை போய்த் திரும்பியது. மதியழகன் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு வெல்டிங் மேசைமேல் வைத்திருந்தான். இரண்டு பேரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். அக்காள் எலிசபெத் அங்கேயே தையல் மெஷினில் உட்கார்ந்து, அடுத்த கேரவனுக்கு மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பவுலின் ஓஸ்வால்டின் பக்கத்தில் நின்று குறுக்கே குறுக்கே பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏப்ரல் முடியப் போவுது, இன்னா சகலை உறையறது? இங்க நாங்க உருகிக்கினு கீறோம்,” என்றான் மதியழகன்.

“நானும் அப்படித்தான்யா நெனைச்சேன். பனிக்காலம் முடிஞ்சுதுன்னுதான் கெளம்பினோம். முடிஞ்சப்புறம் திரும்பி வந்து ஒரு அடி அடிச்சிட்டுத்தான் போவுமாம். நேத்து பக்கத்துல நின்ன டெல்லிக்காரன் கேரவன்ல பைப்பெல்லாம் உறைஞ்சு கிழிஞ்சு, வெயில் வந்ததும் உள்ள ஒரே வெள்ளம்.”

“அக்கா, இவரை நம்பாத,” என்று பவுலின் குரல். “வெள்ளம்லாம் இல்ல. ஒரு கம்பளி நனைஞ்சுது. இவரு சொன்னா எல்லாமே நோவா காலத்து வெள்ளம்தான்.”

எலிசபெத் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஓஸ்வால்டுக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஜீப்புக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு இமயமலை ஏற வேண்டும். கட்டிலும் அடுப்பும் கைகழுவும் தொட்டியும் வைத்த குட்டி வீடு. செய்து கொடுத்தது மதியழகன். பஸ் பாடி கட்டிப் பழகிய கோலார் தங்கவயல் கை. ஜன்னல் திரை எலிசபெத் தைத்தது. ஓஸ்வால்டின் ஆஸ்டின் டவுன் வீட்டு வாசலில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிக்க, தெருவே நின்று கையாட்டி அனுப்பியது.

“இங்க இருக்கறவங்க டேங்க்கைச் சுத்தமா காலி பண்ணிட்டு, குழாயைத் தொறந்து வெச்சிடுங்கறாங்க,” என்றான் ஓஸ்வால்ட்.

“பண்ண விட மாட்டேன்,” என்றாள் பவுலின். “ஒரு டேங்க் தண்ணியைத் தரையில கொட்டுறதா? கை நடுங்காது?”

“காலி பண்ணாலும் பிரயோஜனம் இல்ல, கேட்டுக்கோ,” என்று மதியழகன் போன் பக்கம் குனிந்தான். “நான் போட்ட டேங்க் நம்ம ஊர் சம்ப்புக் கணக்கு. தண்ணி எடுக்கற வாய் அடியிலேர்ந்து ரெண்டு விரல் மேல கீது. நீ எவ்ளோ தொறந்து வுட்டாலும் அடித்தண்ணி தங்கும். அது உறைஞ்சா போதும், டேங்க் பிளந்துக்கும்.”

பெங்களூரில் தரைக்கடியில் சம்ப்புத் தொட்டி கட்டிய எவனும் அப்படித்தான் செய்வான். டேங்கர் லாரித் தண்ணீரோடு மண்ணும் வரும். மண் அடியில் படியட்டும், மேல் தண்ணீரை மட்டும் மோட்டார் இழுக்கட்டும் என்று குழாயின் வாயைத் தூக்கி வைப்பான். போகிற வழியில் கண்ட இடத்தில் தண்ணீர் பிடிப்பார்களே, சகலை வீட்டுக்கு மண் போகக் கூடாதே என்று மதியழகனும் தூக்கி வைத்திருந்தான். அதில் அவனுக்குப் பெருமை.

“அப்ப என்னதான் பண்றது?”

“லாரிக்காரன் இன்னா பண்றான்? ரேடியேட்டர்ல கூலன்ட் ஊத்தறான், பனியில ஓட்டறான். நீயும் ஊத்து. லாரி ஸ்டாண்டாண்ட கேன் கேனா கிடைக்கும். டேங்க்ல ஊத்தி, பம்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயாத் தொற. பச்சைத் தண்ணி வந்துச்சா, மூடு. அப்புறம் எந்தப் பனி வந்து இன்னா பண்ணும்?”

எலிசபெத்துக்குச் சுருக்கென்றது. “மதி, கூலன்ட் விஷமில்லையா?”

“இன்னா லிசா, குடிக்கவா சொன்னேன்? பனி இருக்கற வரைக்கும் பைப்புல நிக்கட்டும். அப்புறம் தொறந்து வுட்டு, நல்ல தண்ணி ரொப்பி, கழுவி வுட்டாப் போச்சு.”

“கேட்டுக்கிட்டியா ஓஸி?” என்று எலிசபெத் எழுந்து போனருகே வந்தாள். “பச்சை போற வரைக்கும் கழுவணும். கண்ணாடி கிளாஸ்ல பிடிச்சுப் பாரு. துளி பச்சை இருந்தாலும் வாயில வைக்கக் கூடாது.”

“அக்கா,” என்றாள் பவுலின், “இவரு சாயங்காலம் ஆனா கிளாஸ்ல ஊத்திக்கிறாரே ஒரு கூலன்ட், அதையும் ஒரு கேன் வாங்கிடவா? டேங்க்குக்கு ஒண்ணு, உன் மாப்பிள்ளைக்கு ஒண்ணு.”

“ரம்மைப் பத்தி மட்டும் பேசாத,” என்றான் ஓஸ்வால்ட். “இந்தக் குளிர்ல அதுதான் எனக்கு ஸ்வெட்டர்.”

எல்லோரும் சிரித்தார்கள். எலிசபெத்தும்தான்.

•

சில நாள் கழித்து ஓஸ்வால்ட் மறுபடி அழைத்தான். குரலே துள்ளியது.

“சகலை, உன் காலைக் காட்டு, விழுந்து கும்பிடறேன். ராத்திரி பூரா உறைஞ்சு கெடந்துச்சு. வரிசையா நின்ன வண்டியில பாதிக்குப் பைப்பு போச்சு. நம்ம வண்டி அசையல. எல்லாரும் வந்து எட்டிப் பாக்கறான். எந்த கம்பெனின்னு கேக்கறான். ஆனேக்கல் கம்பெனின்னு சொன்னேன்.”

“அப்படிச் சொல்லு சகலை!”

“கழுவினீங்களா?” என்றாள் எலிசபெத்.

“கழுவினோம் அக்கா. உன் தங்கச்சி எங்க கழுவ விட்டா? மூணாவது தடவை ரொப்பும்போது பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டா. ‘போதும், போதும், ஒரு குடும்பம் குளிக்கற தண்ணி போயிடுச்சு’ன்னு ஒரே சண்டை. ஆனா பச்சை சுத்தமா போயிடுச்சு. நீ சொன்ன மாதிரி கண்ணாடி கிளாஸ்ல பிடிச்சு வெளிச்சத்துல பாத்தோம். கண்ணீர் மாதிரி இருந்துச்சு.”

“அப்ப சரி,” என்றாள் எலிசபெத்.

அன்று முழுக்க மதியழகனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடைக்குப் போனான், சொன்னான். பெயிண்ட் அடிக்க வந்தவனிடம் சொன்னான். “இமயமலைக்கே நம்ம ஊர் சம்ப்பு போயிருக்குது தெரியுமா?” என்றான். மண்ணுக்குள் இறங்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பொன் வெட்டியவன் பேரன், இப்போது தன் கைவேலை மலை ஏறிவிட்டது என்று மார் விரிந்து நின்றான். எலிசபெத்துக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வண்டி இன்னும் உயரத்திலிருக்கும் ஸ்பிட்டிப் பக்கம் ஏறியது. போன் கிடைப்பது அரிதாயிற்று. ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து பவுலின் கூப்பிட்டாள்.

“அக்கா! நாங்க நிக்கிற வீட்டுக்காரம்மா போன். நம்ம போன்ல டவர் இல்ல. ஐயோ, ரோடா இது? ஆட்டு உரல்ல போட்டு ஆட்டின மாதிரி. உள்ள இருக்கற பாத்திரம் பூரா தரையில. என் குடல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியல.”

“உடம்பு எப்படிடீ இருக்கு? மூச்சு வாங்குதா?”

“தலைவலிதான். மேல ஏறினா தண்ணி நிறையக் குடிக்கணுமாமே. சொம்பு சொம்பா குடிக்கிறேன். அக்கா, தண்ணியைப் பத்திச் சொல்லணும் உனக்கு. மலைத்தண்ணி மலைத்தண்ணிதான். சக்கரை போட்ட மாதிரி லேசா ஒரு இனிப்பு. நம்ம போர்வெல் உப்பைக் குடிச்ச நாக்குக்கு இது தேவாமிர்தம்.”

“ஓஸி குடிக்கிறானா?”

“அவருக்கு எதுக்குத் தண்ணி? பகல்ல ஒரு டீ. வெயில் சாஞ்சா ரம். அதுல கொஞ்சம் தண்ணி ஊத்திக்கிறாரு, அவ்ளோதான்.”

“எனக்கு ஒரு பாட்டில் பிடிச்சுக்கிட்டு வாடி,” என்றாள் எலிசபெத். “உங்க மாமா அரிசி வேகலை, பருப்பு வேகலைன்னு தினம் என் உயிரை வாங்குறாரு. அந்தத் தண்ணியில ஒரு நாள் வேகட்டும்.”

“ரெண்டு பாட்டில் கொண்டு வரேன்,” என்றாள் பவுலின்.

•

மறுநாள் காலை ஷெட்டுக்குத் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் கிருஷ்ணப்பா தடித்த ஹோஸை இழுத்து சம்ப்புக்குள் விட்டுத் திருகினான். தண்ணீர் இடி மாதிரி விழுந்தது.

“அக்கா, மூடியைக் கொஞ்சம் தள்ளுங்க, தெறிக்குது,” என்றான். “இந்தத் தடவை நீரு ஜோரா இருக்கு, மண்ணே இல்ல.”

“நீ எப்பவும் அதைத்தான் சொல்ற கிருஷ்ணப்பா. உன் நீரு மண்ணோ, என் சம்ப்பு மண்ணோ, சாயங்காலம் வரைக்கும் சேறுதான் வரும்.”

லாரி போனதும் மதியழகன் வண்டி கழுவ மோட்டார் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். எலிசபெத் வழக்கமாகக் கத்துவதைக் கத்தினாள்.

“போடாத மதி! இப்பத்தான் ஊத்தியிருக்கு. அடியில தங்கினதெல்லாம் கலங்கி மேல வந்து…”

பாதியில் நின்றுவிட்டாள்.

சம்ப்பின் வாய் திறந்திருந்தது. நேற்று வரை அடியில் அசையாமல் படுத்திருந்த மண், விழுந்த தண்ணீரின் வேகத்தில் எழும்பிச் சுற்றியது. நேற்று மேல் தண்ணீர் முகம் தெரிகிற மாதிரி இருந்தது. இப்போது சம்ப்பு பூராவும் டீ நிறம்.

“லிசா? இன்னா ஆச்சு?”

“மதி, அந்த டேங்க்ல ரெண்டு விரல் தண்ணி எப்பவும் தங்கும்னியே.”

“ஆமா.”

“தண்ணி தங்கும்னா கூலன்ட் தங்காதா?”

அவன் கை சுவிட்சுமேலேயே இருந்தது.

“அவங்கதான் கழுவினாங்களே லிசா. கண்ணாடி கிளாஸ்ல பாத்தாங்களே.”

“கிளாஸ்ல வந்தது தெளிஞ்ச மேல் தண்ணி. கூலன்ட் தண்ணியை விடக் கனமா, லேசா?”

“கனம்,” என்றான். ரேடியேட்டர் வேலை தெரிந்தவன், யோசிக்காமல் வந்துவிட்டது வாயில். அப்புறம்தான் முகம் மாறியது.

“அப்ப அடியில உட்கார்ந்திருக்கு. கிளாஸ்ல பச்சை போனதும் கழுவறதை நிறுத்திட்டாங்க. அவங்க அதுக்கு மேல நல்ல தண்ணியை ரொப்பிக்கிட்டு மலை ஏறினாங்க. ஆட்டு உரல்ல ஆட்டின மாதிரி ரோடுன்னா மதி. எல்லாம் கலங்கிடுச்சு.”

“அப்படிலாம் இருக்காது. நிறம் தெரியுமே. பச்சை தெரியாதா?”

“எவர்சில்வர் சொம்புல என்ன நிறம் தெரியும்?” எலிசபெத் அவன் அருகில் வந்தாள். “நீ அந்தக் காலத்துல பஸ் டெப்போவுல ஹோஸை வாயில வெச்சு உறிஞ்சி ரேடியேட்டர் காலி பண்ணியிருக்கே இல்ல? வாயில பட்டிருக்குமே. எப்படி இருக்கும்?”

மதியழகன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

“எப்படி இருக்கும் மதி?”

“இனிக்கும்,” என்றான்.

சொல்லிவிட்டு, முப்பது வருஷத்துக்கு முன் வாயில் பட்டது இப்போதுதான் பட்ட மாதிரி, ஓரமாகப் போய்த் துப்பினான்.

•

பவுலின் நம்பர். ஓஸ்வால்ட் நம்பர். மறுபடி பவுலின். ஒரே இந்திக்காரி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எலிசபெத் தப்புத் தப்பாய் அழுத்தினாள். அப்புறம்தான் நேற்று வந்த அந்த வீட்டுக்காரம்மாவின் நம்பர் நினைவுக்கு வந்தது. அது மணி அடித்தது. எடுத்தார்கள்.

எலிசபெத்துக்கு இந்தி தெரியாது. ஆஸ்டின் டவுன் மட்டன் கடையில் பேரம் பேசிப் பழகிய உருது தெரியும். அவளுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அதை வைத்துக் கத்தினாள்.

“ஆபா! மேரி பஹன், பெங்களூர்! உஸ்கு பானி நக்கோ! பானி நக்கோ தேவ்!”

‘நக்கோ’ என்றால் வேண்டாம் என்று பெங்களூரில் குழந்தைக்கும் தெரியும். அந்த மலையில் யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் சமாதானமாக, இதமாகப் பதில் சொன்னாள். எலிசபெத்துக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. உங்கள் தங்கைக்கு உடம்பு சரியில்லை, பயப்படாதீர்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நிறையக் கொடுக்கிறோம்.

“நக்கோ! நக்கோ! ஜஹர்! விஷம்!” என்று அலறினாள். லைன் போய்விட்டது.

“நிக்கோலுக்குப் பண்றேன்,” என்றாள். நிக்கோல் பவுலினின் மகள். வைட்ஃபீல்டில் வேலை. ஆபீசில் நாள் பூரா இந்தி பேசுகிறவள்.

மதியழகன் அவள் கையைப் பிடித்தான். “இரு லிசா, இரு. பொண்ணு பதறிடும். மொதல்ல உறுதி பண்ணிக்கலாம்.”

“எதை உறுதி பண்ணப் போற? இன்னொரு சொம்பு குடிச்சுப் பாக்கச் சொல்லியா?”

“நாமதான் சொன்னோம்னு ஆயிடும் லிசா…”

“ஆயிடும் இல்ல. ஆயிடுச்சு. கையை விடு.”

அவன் உடனே விடவில்லை. எலிசபெத் உதறினாள். போன் கீழே விழுந்து மெத்தை உறைகளுக்குள் போய்ப் புதைந்தது. அதைத் தேடி எடுக்க ஆன நேரத்தைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை மனசுக்குள் தேடி எடுத்திருக்கிறாள்.

“பெரியம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பண்ணட்டுமா?”

“நிக்கோல், வெளிய வா. உங்க அம்மா வண்டியில குடிக்கிற தண்ணியில கூலன்ட் கலந்திருக்கு. விஷம் அது. ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. நான் அனுப்பற நம்பருக்குப் பேசு. இந்தியில சொல்லு. டாக்டர்கிட்டத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு. கூலன்ட்னு சொல்லச் சொல்லு, மலை நோய்னு சொல்லக் கூடாது.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு, “யாரு ஊத்தினாங்க?”

“அப்பா ஊத்தினாரு. ஊத்தச் சொன்னது உங்க பெரியப்பா. பச்சை போனா போதும்னு சொன்னது நான். பேசு கண்ணு, சீக்கிரம் பேசு.”

நிக்கோல் வைத்துவிட்டாள்.

இருவரும் ஷெட்டில் காத்திருந்தார்கள். பாதி கட்டிய கேரவன் ஒன்று நடுவில் நின்றது. அதன் இருக்கைக்கு அடியில் அதே அளவு டேங்க், அதே மாதிரி தூக்கி வைத்த வாய். மதியழகன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டுவிட்டு வெளியே எடுத்தான். மறுபடி விட்டான்.

“ரெண்டு விரல்தான் லிசா,” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரம்மாவின் நம்பரிலிருந்து போன் அடித்தது. ஓஸ்வால்ட். அவனுக்கு நாக்கு தடித்திருந்தது.

“அக்கா, நிக்கோல் என்னமோ சொல்றா. தண்ணியில விஷமாம். என்னக்கா இது? இவளுக்கு மலை நோய்தான். எல்லாரும் அதான் சொல்றாங்க. ராத்திரியிலேர்ந்து வாந்தி. காலையில குடிகாரி மாதிரி தள்ளாடினா. நான்கூடச் சிரிச்சேன், என் பாட்டிலைத் தொட்டியாடின்னு.”

“ஓஸி, தண்ணி எவ்ளோ கொடுத்த?”

“நிறையக் குடிக்கணும்னாங்க அக்கா. உப்பும் சக்கரையும் போட்டுக் கொடுன்னாங்க. கொடுத்துக்கிட்டே இருக்கேன்.”

“எந்தத் தண்ணி?”

“நம்ம டேங்க் தண்ணிதான்.”

எலிசபெத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அவ வேணாம் வேணாம்னா அக்கா,” என்றான் ஓஸ்வால்ட். “தலையைத் தலையைத் திருப்பிக்கிட்டா. நான்தான் அதட்டி, தாடையைப் பிடிச்சு… அக்கா, அது நெஜமா விஷமா?”

“நெஜம் ஓஸி. இனிமே குடுக்காத. நீயும் குடிக்காத. எந்த வண்டி கிடைச்சாலும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. போனை அவ காதுல வை.”

மூச்சுச் சத்தம் கேட்டது. ஆழமாக, அவசரமாக, ஓடி வந்தவள் மூச்சு போல.

“பவுலின்? நான் அக்காடி.”

“அக்கா,” என்றாள் பவுலின். வார்த்தை குழைந்தது. “குழாயடியில கூட்டமா? என் குடத்தை முன்னாடி வை. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

“வெச்சிருக்கேன்டி,” என்றாள் எலிசபெத்.

•

ஆஸ்பத்திரி சின்னது. ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷின் மலைக்குக் கீழேதான் இருந்தது. கீழே இறக்கலாம் என்றால், முடிந்து போன பனி மறுபடி விழுந்து ரோட்டை அடைத்துவிட்டது. நிக்கோல் விமானம் பிடித்துப் பாதி வழி போயிருந்தாள்.

அங்கிருந்த டாக்டர் ஓஸ்வால்டைத்தான் முதலில் கேட்டாராம், நீங்கள் குடிப்பீர்களா என்று. தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றானாம். தினமுமா? தினமும்தான். அதுதான் உங்களைத் தப்பவைத்திருக்கிறது, என்றாராம் அவர். அந்த விஷத்தை உடம்பு பிடித்துக்கொள்ளாமல் சாராயம் தள்ளி வைக்குமாம். வேறு மருந்து அங்கே இல்லாததால் பவுலினுக்கும் குழாய் வைத்து அதையே இறக்கினார்கள், ஓஸ்வால்டின் பாட்டிலில் மீதி இருந்ததை. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவள். நேரம் கடந்துவிட்டிருந்தது. இரண்டாம் நாள் விடிந்தபோது போய்விட்டாள்.

ஆஸ்டின் டவுனுக்குப் பெட்டியில்தான் வந்தாள். ஃபாதர் மறுபடி தீர்த்தம் தெளித்தார். கையாட்டி அனுப்பிய தெருவே வந்து நின்றது.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஓஸ்வால்ட் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சிறுநீரகம் அவனுக்கும் பாதி போயிருந்தது, முகம் ஊதியிருந்தது. நிக்கோல் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவிடம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மதியழகன் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றான்.

“சகலை எங்க?” என்றான் ஓஸ்வால்ட்.

எலிசபெத் வாசல் பக்கம் பார்த்தாள். “வெளிய நிக்கிறார்.”

“வரச் சொல்லு.”

மதியழகன் வந்து அவன் முன்னால் நின்றான். “சகலை,” என்றான்.

“அக்கா, எனக்குக் கொஞ்சம் தண்ணி,” என்றான் ஓஸ்வால்ட்.

எலிசபெத் உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, உள்ளே அடிவரைக்கும் பார்த்தான். பிறகு மதியழகனிடம் நீட்டினான்.

“மொதல்ல நீ குடி.”

நிக்கோல் தலை தூக்கிப் பார்த்தாள். மதியழகன் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினான். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. குழந்தை மாதிரி வாய் வைத்து, நிறுத்தாமல் குடித்தான். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டுக் கூட விழவில்லை.

“அடி வரைக்கும் குடிச்சிட்டேன் சகலை.”

“அவளும் அப்படித்தான் குடிச்சா,” என்றான் ஓஸ்வால்ட்.

எலிசபெத் புருஷன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, மறுபடி ரொப்ப உள்ளே போனாள்.